கொன்றவன் யார், தண்டனை யாருக்கு?: ரோமானியத் துப்பறியும் நாவலும் தமிழ் வரலாற்றுப் புனைகதையும்

வரலாற்று நாவலும் துப்பறியும் நாவலும் தமிழ் வாசகருக்கு நெடுங்காலமாகப் பழக்கமானவை. இரண்டையும் வளர்த்தவை பெரும்பாலும் ஒரே இதழ்கள்; படித்தவர்களும் பெரும்பாலும் ஒரே வாசகர்கள். ஆயினும் இவ்விரு வகைகளும் நம் மொழியில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தும் பேசிக்கொள்ளாத உறவினர்களைப் போலவே இருந்து வந்துள்ளன. வரலாற்று நாவலில் வாளும் வஞ்சினமும் உண்டு, விசாரணை இல்லை. துப்பறியும் நாவலில் விசாரணை உண்டு. அது பெரும்பாலும் சமகால நகரத்தை விட்டு நகர்வதில்லை.

மேலைநாட்டில் இவ்விரண்டும் இணைந்து தனியொரு வகையாகவே வளர்ந்துள்ளன. அகதா கிறிஸ்டி 1944இல் பண்டைய எகிப்தைக் களமாக வைத்து ஒரு கொலைக் கதை எழுதினார். டச்சு அறிஞர் வான் குலிக், சீன நீதிபதி டீயின் கதைகளை 1949இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, பின்னர் தாமும் அவ்வழியில் எழுதினார். 1977இல் எல்லிஸ் பீட்டர்ஸின் துறவி காட்ஃபேலும், 1980இல் உம்பர்ட்டோ எக்கோவின் ‘ரோஜாவின் பெயர்’ நாவலும் இவ்வகைக்குப் பரந்த வாசகரைத் தேடித்தந்தன. 1980களின் இறுதியிலிருந்து இவ்வகையின் மிகச் செழிப்பான களமாக அமைந்தது பண்டைய ரோம். இந்நாவல்கள் ஏன் ரோமைத் தேர்ந்தன, அவை வரலாற்றை நோக்கி எழுப்பும் அடிப்படை வினா எது, அவ்வினாவைத் தமிழ் வரலாற்று நாவல் ஏன் தவிர்த்து வந்துள்ளது என்பனவற்றை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

காவலர் இல்லாத மாநகரம்

துப்பறியும் கதைக்கு இரண்டு தேவைகள் உண்டு. குற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சட்ட மொழி வேண்டும். அதேவேளை, அச்சட்டம் எட்டாத இடைவெளியும் வேண்டும். ரோமில் இவ்விரண்டும் ஒருங்கே இருந்தன. வழக்குரைஞர்களும் மேடைச் சொற்பொழிவுகளும் நடுவர் குழுக்களும் நிறைந்த நகரம் அது. ஆனால் நாம் இன்று அறிந்த புலனாய்வுக் காவல்துறை என ஒன்று அங்கு இருந்ததில்லை. பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 6இல் அமைத்த இரவுக் காவல்படைகூட முதன்மையாகத் தீயணைப்புக்கு உரியது. கொலையுண்டவரின் உறவினரே வழக்குத் தொடுக்க வேண்டும். சான்றையும் அவர்களே திரட்ட வேண்டும். எனவே, கூலிக்கு உண்மையைத் தேடித்தரும் ஒரு மனிதனைக் கற்பனை செய்வது ரோமைப் பொறுத்தவரை மிகையான கற்பனை அன்று.

ஸ்டீவன் செய்லர் 1991இல் வெளியிட்ட ‘ரோமன் பிளட்’ நாவலின் கோர்டியானஸ் அத்தகைய மனிதன். அந்நாவலின் மூலம் ஓர் உண்மை வழக்கு. கி.மு. 80இல் செக்ஸ்டஸ் ரோசியஸ் என்பவர்மீது தந்தையைக் கொன்ற பழி சுமத்தப்பட்டது. அவருக்காக வாதாடியவர் அப்போது இளைஞராயிருந்த சிசரோ. இறந்தவரின் பெயர் சர்வாதிகாரி சுல்லாவின் எதிரிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அறுபது இலட்சம் செஸ்டர்ஸ் மதிப்புள்ள அவருடைய நிலபுலன்கள் வெறும் இரண்டாயிரத்துக்கு ஏலம் போயின. அவற்றை வாங்கியவன் சுல்லாவால் விடுதலை செய்யப்பட்ட முன்னாள் அடிமையும் அவருக்கு நெருக்கமானவனுமாகிய கிரிசோகோனஸ். பழைய நீதிபதி காசியஸ் வழக்குதோறும் கேட்டதாகச் சொல்லப்படும் வினாவை, அதாவது இச்செயலால் ஆதாயம் அடைந்தவர் யார் என்பதை, சிசரோ நடுவர்முன் வைத்தார். ரோசியஸ் விடுவிக்கப்பட்டார். இன்றுவரை உலகெங்கும் புலனாய்வின் முதல் வினாவாக விளங்குவது இதுவே.

ஆயினும் அவ்வழக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. கொலை நடந்தபோது உடனிருந்த இரண்டு அடிமைகள் விசாரணைக்கு அனுப்பப்படவே இல்லை. அவர்கள் இப்போது கிரிசோகோனஸின் உடைமை. ரோமானியச் சட்டத்தில் அடிமையின் சாட்சியம் சித்திரவதையின் வழியே பெறப்பட்டால் மட்டுமே செல்லும். அதற்கும் உடைமையாளரின் ஒப்புதல் வேண்டும். அதாவது, கண்ணால் கண்டவர் இருவர் இருந்தும் அவர்கள் சொல் மன்றத்தை எட்டவில்லை. செய்லரின் நாவல் நிற்கும் இடம் இதுதான். சிசரோவின் பேச்சோடு கதையை நிறுத்தி வெற்றி முழக்கம் செய்யாமல், மன்றத்தில் கிடைக்கும் வெற்றியும் நடந்த உண்மையும் ஒன்றல்ல என்னும் கசப்பான புரிதலை நோக்கி அது செல்கிறது.

லிண்ட்சி டேவிஸின் ‘தி சில்வர் பிக்ஸ்’ (1989) வெஸ்பாசியன் பேரரசரின் காலத்தைச் சார்ந்தது. அதன் நாயகன் ஃபால்கோ வாடகை தரக் காசில்லாதவன். செனட்டர்களின் வீட்டு வாயிலில் ஏளனம் செய்யப்படுபவன். பிரிட்டனின் சுரங்கங்களிலிருந்து வெள்ளி கலந்த ஈயப் பாளங்கள் களவு போவதைத் துப்பறிய, அவனே அடிமை வேடத்தில் அச்சுரங்கத்தில் உழைக்க நேர்கிறது. ரூத் டௌனியின் ‘மெடிகஸ்’ (2006) நாவலில், பிரிட்டனில் பணியாற்றும் படை மருத்துவர் ரூசோ, மதுக்கடையில் வேலை செய்த அடிமைப் பெண்களின் மரணத்தை எதிர்கொள்கிறார். அவர்கள் இறந்தது குறித்துக் கவலைப்பட அங்கே எவருமில்லை. இறந்தவர் பொருட்படுத்தத்தக்கவர் என்று ஒருவன் எண்ணத் தொடங்குவதே அந்நாவலில் விசாரணையின் தொடக்கமாக அமைகிறது.

இவற்றுக்குக் குறைகளும் உண்டு. ஃபால்கோவின் பேச்சு பல இடங்களில் ரோமானியனுடையதாக இல்லை. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தனியார் துப்பறிவாளனின் எள்ளல் நடையே அங்கே ஒலிக்கிறது. அடிமை முறையை வெறுக்கும் நாயகர்கள் இந்நாவல்களில் அளவுக்கு அதிகமாகவே தென்படுகின்றனர். நம் காலத்தின் மனச்சான்றைப் பழங்காலத்து உடலில் பொருத்தும் எளிய உத்தி அது. எனினும், இக்குறைகளுக்கு அப்பாலும் இந்நாவல்கள் ஒரு பணியைச் செய்கின்றன. அதனை விளங்கிக்கொள்ள ரோமின் இன்னொரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் வேண்டும்.

நானூறு பேர்

கி.பி. 61இல் ரோம் நகர ஆளுநர் பெடானியஸ் செக்குண்டஸ் தம் அடிமைகளுள் ஒருவனால் கொல்லப்பட்டார். பழைய வழக்கப்படி, அவ்வீட்டுக் கூரையின் கீழ் வாழ்ந்த அடிமைகள் அனைவரும் கொல்லப்பட வேண்டும். அவர்கள் நானூறு பேர். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். செனட்டில் விவாதம் நடந்தது. சட்ட வல்லுநரான காசியஸ் என்னும் பெயருடைய வேறொருவர், அச்சமின்றி அடிமைகளை அடக்கியாள இயலாது என வாதிட்டு, முழுத் தண்டனையையும் நிறைவேற்ற வேண்டுமென வலியுறுத்தினார். மக்கள் கற்களோடும் தீப்பந்தங்களோடும் திரண்டனர். நீரோ வழிநெடுகப் படைவீரரை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினார். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதனைப் பதிவு செய்துள்ளார்.

காசியஸ் என்னும் பெயர் தாங்கிய இருவரும் ரோமின் இரண்டு மனப்போக்குகளைக் குறிக்கின்றனர் எனலாம். ஒருவர், ஆதாயம் அடைந்தவரைத் தேடுங்கள் என்கிறார். மற்றவர், தேட வேண்டாம், அனைவரையும் தண்டியுங்கள் என்கிறார். துப்பறியும் கதை என்பது முதல் காசியஸின் பக்கம் நிற்கும் இலக்கியம். ஒரு செயலைச் செய்தவன் ஒருவன். அவனை அவன் சார்ந்த கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்துக் காட்ட முடியும். அவ்வாறு காட்டும்வரை தண்டனை கூடாது. இதுவே இவ்வகையின் அறம். புதிரும் திருப்பமும் இவ்வறத்தைச் சுமந்து செல்லும் வாகனங்கள்.

பக்தாதின் மூன்று ஆப்பிள்கள்

இவ்வறத்தின் இலக்கிய வேர்கள் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியன அல்ல. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பில் இடம்பெறும் மூன்று ஆப்பிள்களின் கதையைத் துப்பறியும் கதையின் முன்னோடிகளுள் ஒன்றாகத் திறனாய்வாளர் பலர் குறிப்பிடுவர். திக்ரிஸ் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பெட்டியில் ஒரு பெண்ணின் உடல் இருக்கிறது. கலீஃபா ஹாரூன் அர்-ரஷீத் தம் அமைச்சர் ஜஃபரிடம் மூன்று நாள் தவணை அளிக்கிறார். கொலையாளியைக் கொண்டுவராவிடில் ஜஃபரும் அவருடைய பர்மக்கி உறவினர் நாற்பது பேரும் தூக்கிலிடப்படுவர்.

இங்கும் அந்தக் கூட்டுத் தண்டனை நிற்பதை நோக்குக. நானூறு அங்கே, நாற்பது இங்கே. ஜஃபர் துப்பறிவதே இல்லை. வீட்டில் அமர்ந்து விதியை எதிர்பார்க்கிறார். தண்டனை நாளில் ஓர் இளைஞனும் ஒரு முதியவரும் முன்வந்து, தாமே கொன்றதாக ஒவ்வொருவரும் கூறுகின்றனர். உடல் எவ்வாறு சுற்றப்பட்டிருந்தது என்பதைக் கொன்றவனே அறிவான். அதனைச் சரியாக எடுத்துரைக்கும் இளைஞனே குற்றவாளி எனத் தெளிவாகிறது. வாக்குமூலம் மட்டும் போதாது, அதனை உறுதிப்படுத்தும் தடயமும் வேண்டும் என்னும் நுண்ணிய சட்ட உணர்வு இக்கதையில் உள்ளது. பின்னர் கொலைக்கு வித்திட்ட பொய்யைச் சொன்ன அடிமை ஜஃபரின் வீட்டிலேயே இருந்தான் என்பதும் வெளிப்படுகிறது. வரலாற்றில் அதே ஹாரூன் கி.பி. 803இல் ஜஃபரைக் கொன்று, பர்மக்கிக் குடும்பத்தையே வீழ்த்தினார் என்பதை அறிந்த பழைய வாசகர்கள் இக்கதையை எத்தகைய நடுக்கத்தோடு கேட்டிருப்பர் என்று எண்ணிப்பார்க்கலாம்.

இம்மரபு இன்று புதிதாகத் தொடரப்படுவதும் குறிப்பிடத்தக்கது. இஸ்லாமியச் சிந்தனை வரலாற்றை ஆய்ந்த அறிஞரான லாரி சில்வர்ஸ், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பக்தாதைக் களமாக்கி, 2019இல் ‘தி லவர்’ என்னும் நாவலுடன் ஒரு சூஃபி மர்மத் தொடரைத் தொடங்கினார். அதன் நாயகி ஸைத்தூனா, பிறர் வீட்டுத் துணி துவைத்துப் பிழைப்பவள். இறந்துபோன ஓர் ஏழை வேலைக்காரச் சிறுவனுக்காக அவள் கேள்வி கேட்கத் தொடங்குகிறாள். ரோமானிய நாவல்கள் காட்டிய வழியை இந்நாவல் அப்பாசியர் தலைநகருக்குள் கொண்டுவந்துள்ளது.

சிலம்பின் பரல்கள்

தமிழுக்கு வருவோம். விசாரணை என்னும் கருத்து நமக்கு அந்நியமா? அன்று. நம் முதற் காப்பியத்தின் திருப்புமுனையே ஒரு தடயச் சோதனைதான். பாண்டியன், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, ஆராயாமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். ஊர் தெரியாத, துணையற்ற ஒரு பெண் அரசவைக்குள் நுழைந்து ஒரு பொருளை முன்வைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் தெரியும். உடைக்கப்படுகிறது; தெரிகிறது. அதிகாரமற்றவர் ஒருவர், சோதித்தறியத்தக்க ஒரு சான்றினால், அரசனின் தீர்ப்பைத் திருப்பும் காட்சி உலக இலக்கியத்தில் அரியது. இளங்கோ இதனைத் துப்பறியும் கதையாக எழுதவில்லை. ஆயினும் அதன் கரு முழுமையாக இங்கே உள்ளது.

அதே காப்பியம் இன்னொன்றையும் சொல்கிறது. கண்ணகியின் சினத்தைத் தணிக்க, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். வஞ்சித்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். ரோமின் நானூறு அடிமைகளுக்காகத் திரண்ட கூட்டத்தைப் போல, இந்த ஆயிரவருக்காகக் குரல் கொடுத்தவர் எவரும் காப்பியத்தில் இல்லை. உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் கண்ணகியின் கற்பையும் பாண்டியனின் நீதி பிழையாமையையும் விரித்துரைத்த அளவுக்கு இச்செய்தியைப் பேசியதில்லை. தமிழில் வரலாற்றுத் துப்பறியும் நாவல் எழுத விரும்புவோர்க்கு இதனினும் கூர்மையான தொடக்கப்புள்ளி தேவையில்லை.

தமிழ் நாவலின் தொடக்க காலமும் இதற்குச் சாதகமாகவே இருந்தது. 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’, எகிப்தில் பிறந்து குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டு இந்தியாவில் வளரும் அசனின் கதை. கடத்தல், மறைக்கப்பட்ட பிறப்பு, பொய்ப்பழி, அடையாளம் வெளிப்படுதல் ஆகிய மர்மக் கதைக் கூறுகள் அதில் நிறைந்துள்ளன. அதன் ஆசிரியர் கண்டியில் வழக்குரைஞர் என்பது தற்செயல் அன்று. பின்னர் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு முதலியோர் துப்பறியும் நாவலைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டுசேர்த்தனர். ஆனால் வரலாற்று நாவல் எழுச்சி பெற்றபோது, அது இம்மரபோடு கைகோக்கவில்லை. சாண்டில்யனின் ‘யவன ராணி’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புகாரின் கடற்கரையில் நள்ளிரவில் ஓர் யவனப் பெண் கிடக்கக் காண்கிறான் படைத்தலைவன் இளஞ்செழியன். துப்பறியும் நாவலுக்கு உரிய தொடக்கம் இது. ஆனால் அவள் எவ்வாறு வந்தாள் என்னும் வினா விரைவிலேயே காதலிலும் கடற்போரிலும் கரைந்து போகிறது. யவனர் அங்கே அழகும் ஆபத்துமாக வருகின்றனர். கணக்கெழுதும் வணிகராகவும் கடன் வாங்கும் மாலுமிகளாகவும் வருவதில்லை.

உடையார்குடியில் ஒரு வழக்கு

தமிழ் வரலாற்று நாவல் ஒரு கொலை வழக்கை நேருக்குநேர் சந்தித்த இடம் ஒன்று உண்டு. 1950இல் ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவரத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ அது. கடம்பூர் மாளிகையில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான். விளக்கு அணைகிறது. வந்தியத்தேவன்மீது பழி விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் பழியைத் தம்மேல் ஏற்று உயிர்விடுகிறார். சுரங்க வழியில் ரவிதாசனும் அவன் கூட்டாளிகளும் உள்ளனர். பக்தாத் கதையைப் போல இங்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குமூலங்கள். ஆனால், அவற்றுள் எது உண்மை என்று சோதித்தறியும் தடயம் ஒன்றையும் கல்கி தரவில்லை. இருளை இருளாகவே விட்டுவிட்டார். அதனைக் கலை நுட்பம் எனப் பாராட்டுவோர் உண்டு. வரலாற்றுச் சான்று உறுதியாக இல்லாதபோது நாவலாசிரியர் காட்டிய நேர்மை என்றும் அதனைக் கொள்ளலாம். எனினும், விசாரணையின் இடத்தைத் தியாகம் எடுத்துக்கொண்டது என்பதும் மறுக்கவியலாது. எல்லாரும் பழியேற்க முன்வரும் உலகில் கேள்வி கேட்பதற்கு எவரும் எஞ்சுவதில்லை.

வரலாற்றுச் சான்று என்ன சொல்கிறது? காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள கோயிற் கல்வெட்டு, முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்னும் பட்டம் பெற்ற ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்னும் பட்டம் பெற்ற பரமேஸ்வரன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்கள் மட்டுமன்றி, அவர்தம் பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாய்வழி உறவினர், மண உறவினர் ஆகியோரின் உடைமைகளும் அரசாணைக்கு உட்பட்டன. அந்நிலம் பின்னர் விலைக்கு வாங்கப்பட்டுக் கோயில் அறக்கட்டளையாயிற்று.

ஒரு துப்பறிவாளன் இக்கல்வெட்டின் முன் நின்றால் என்ன கேட்பான்? முதலாவது, காலம். கரிகாலன் இறந்தது ஏறத்தாழ கி.பி. 970, இராசராசன் அரியணை ஏறியது 985. இடைப்பட்ட ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆண்டவர் உத்தமசோழர். அக்காலத்தில் இவ்வழக்கு என்னவாயிற்று? இரண்டாவது, ஆதாயம். இதே வினாவை எழுப்பியே நீலகண்ட சாஸ்திரி உத்தமசோழர்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. உத்தமசோழரின் மகனுக்கு இராசராசன் கோயில் நிருவாகத்தில் உயர்பொறுப்பு அளித்திருப்பதை நோக்கினால் அவ்வையம் தளர்கிறது. மூன்றாவது, பட்டங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். இருமுடிச்சோழன் என்பது சோழரைச் சார்ந்தது. ஒருவர் பாண்டியச் சார்பான பட்டமும், மற்றவர் சோழப் பட்டமும் பெற்றிருப்பின், இது பகைநாட்டுப் பழிவாங்கலா, அரண்மனைக்குள் விளைந்த சதியா, இரண்டும் கலந்ததா? நான்காவது வினாவே மிக முக்கியமானது. கொன்றவர் சிலர், நிலம் இழந்தவர் பலர். அந்த மருமகன்களும் மாமன்மார்களும் என்ன செய்தனர்? அவர்களிடம் எவரேனும் ஏதேனும் கேட்டனரா?

கல்வெட்டு இதற்கு விடை தரவில்லை. தருவது அதன் பணியும் அன்று. அது அரசன் குரலில் பேசும் ஆவணம். ரோமானிய நாவலாசிரியர்கள் சிசரோவின் உரையை எவ்வாறு கையாண்டனரோ, அவ்வாறே இதனையும் கையாள வேண்டும்: பொய்யென்று தள்ளாமல், முழு உண்மையென்று கொள்ளாமல், பேசுபவர் யார், பேச அனுமதிக்கப்படாதவர் யார் என்று கேட்டு.

ஆழ்வார்பேட்டையின் இரு முயற்சிகள்

இவ்வழக்கு நம் காலத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆழ்வார்பேட்டையிலிருந்து இயங்கும் மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் நிறுவனம் லைக்காவுடன் இணைந்து தயாரித்த ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. கல்கி இருளில் விட்டதைத் திரைப்படம் வெளிச்சத்தில் காட்டியது. கொலையைக் கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையிலான துயர நாடகமாக்கியது. திரைக்கலைக்கு அது பொருத்தமே. ஆனால் படம் கிளப்பிய பொதுவிவாதம் வேறு திசையில் சென்றது. உடையார்குடிக் கல்வெட்டின் பெயர்களை எடுத்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குற்றத்தை இன்று வாழும் ஒரு சாதியினர் மீது ஏற்றிப் பேசியோர் உண்டு. அதற்கு எதிர்வினையாகக் கல்வெட்டுச் செய்தியையே மறுக்க முனைந்தோரும் உண்டு. இரு சாராரும் ஆவணத்தை வாசித்ததைவிடத் தத்தம் கூட்டத்தைக் காப்பதில் முனைப்பாக இருந்தனர். ஒருவன் செய்ததற்கு அவன் இனத்தாரைக் கேட்கும் பழக்கம் நானூறு அடிமைகளோடும் ஆயிரம் பொற்கொல்லரோடும் முடிந்துவிடவில்லை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஐயம் தொடங்கிவிடும் சூழலில் வாழ்பவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு முயற்சி காலத்தால் முந்தியது, அளவில் சிறியது, நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. சுஜாதாவின் ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’ அது. அவருடைய நூல்கள் பலவற்றை மறுபதிப்பாகப் புதிய தலைமுறையிடம் கொண்டுசென்ற கிழக்கு பதிப்பகம் பல ஆண்டுகள் ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையிலிருந்து இயங்கியது. 1968இல் ‘நைலான் கயிறு’ நாவலில் அறிமுகமான வழக்குரைஞர் கணேஷும், பின்னர் அவருடன் சேர்ந்த வசந்தும் தமிழ்த் துப்பறியும் கதையின் மிகப் புகழ்பெற்ற இணை. அவ்விருவரையும் சுஜாதா இராசராசன் காலத்துக்கு அனுப்பினார். கணேஷ் அங்கே கணேச பட்டர், வசந்த் வசந்தகுமாரன். நிதானமான ஆசான், வாய்த்துடுக்கான மாணவன் என்னும் உறவு மாறவில்லை.

இதன் சிறப்பு யாது? அரசகுமாரர் அல்லாத இருவரின் கண்வழியே சோழநாடு காட்டப்படுகிறது. மாமன்னன் வருகிறான், ஆனால் கதை அவனுடையது அன்று. வாசகன் அரியணையை அண்ணாந்து பார்க்கும் வழக்கமான கோணம் இங்கே மாறுகிறது. நகைச்சுவை வரலாற்றின் விறைப்பைத் தளர்த்துகிறது. ஃபால்கோ ரோமுக்குச் செய்ததைச் சுஜாதா தஞ்சைக்குச் செய்ய முனைந்தார் எனலாம்.

குறை யாது? இருவரையும் இடம்பெயர்த்த அளவுக்கு விசாரணை முறையைச் சுஜாதா இடம்பெயர்க்கவில்லை. நவீன நாவல்களில் கணேஷ் சட்டப் பிரிவையும் தடயத்தையும் கொண்டு வாதிடுவார். சோழநாட்டில் அதற்கு ஈடாக எது நின்றது என்னும் வினா முழுமையாகக் கையாளப்படவில்லை. சான்றுகளோ உள்ளன. வேட்டையில் எய்த அம்பு தவறி ஒருவரைக் கொன்றபோது, ஊரார் கூடி ஆராய்ந்து, கொல்லும் கருத்தில்லை எனக் கண்டு, இறந்தவர் பொருட்டுக் கோயிலில் விளக்கெரிக்குமாறு விதித்த செய்திகள் சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. கருத்தோடு செய்ததா, தவறி நேர்ந்ததா என்று பிரித்தறியும் இந்தப் பேரவைகளே நம் துப்பறியும் நாவலின் மன்றங்களாக இருந்திருக்கலாம். சுஜாதா இம்முயற்சியைத் தொடர்ந்திருந்தால் ஒரு மரபே உருவாகியிருக்கும். 2008இல் அவர் மறைந்தார். வேறெவரும் அவ்வழியைப் பெருவழியாக்கவில்லை.

ஓடுகளும் ஒப்பந்தமும்

ரோமைப் பற்றியே தமிழில் துப்பறியும் நாவல் எழுத இயலுமா என்று கேட்கலாம். நம்மிடம் இருக்கும் சான்றுகள் இயலும் என்றே கூறுகின்றன. வியன்னாவில் உள்ள இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, முசிறி வணிகத்தை ஒட்டி எழுதப்பட்ட கடன் ஒப்பந்தத்தைக் கொண்டுள்ளது. செங்கடல் துறைமுகத்திலிருந்து பாலைவனம் வழியே நைல் நதிக்கரையின் காப்டோஸுக்கும், அங்கிருந்து அலெக்சாந்திரியாவுக்கும் சரக்குகளைக் காவலோடு கொண்டுசெல்வது, கிடங்கில் முத்திரையிடுவது, கடனைத் தீர்க்காவிடில் சரக்கைக் கைப்பற்றுவது என அனைத்தும் அதில் எழுதப்பட்டுள்ளன. மறுபக்கத்தில் ஹெர்மபோலான் என்னும் கப்பலில் வந்த கங்கைக்கரை நறுமணத் தைலம், யானைத் தந்தம் முதலியவற்றின் மதிப்பு கணக்கிடப்பட்டுள்ளது. எகிப்தின் குசைர் அல்-கதீமில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரனிக்கேயின் செராபிஸ் கோயிற் பகுதியில், இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது.

முத்திரை உடைந்த ஒரு மூட்டை. காணாமற்போன ஒரு கணக்கர். ரோமானிய அதிகாரியின்முன் நிறுத்தப்பட்ட சாத்தன் என்னும் தமிழ் மாலுமி. அவன் மொழி மன்றத்துக்குத் தெரியாது. அவன் சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு? கிரேக்கமும் தமிழும் அறிந்த ஒரு மொழிபெயர்ப்பாளன் அவன் சொல்லை மாற்றிச் சொன்னால் என்னாகும்? யவனரை நம் கரையில் கண்டு வியந்த நாவல்கள் நமக்குண்டு. யவனர் கரையில் நம்மவர் எவ்வாறு காணப்பட்டனர் என்று கேட்கும் நாவல் இனித்தான் எழுதப்பட வேண்டும்.

அத்தகைய நாவல் எழுத வருபவர், ரோமானிய நாவல்களின் அங்கதத்தையும் வேகத்தையும் மட்டும் கடன் வாங்கினால் பயன் சிறிது. அவற்றின் சிறந்த பக்கங்களில் இயங்கும் பொறுமையைக் கற்க வேண்டும். ஆவணத்தை மதித்து, அதன் மௌனத்தையும் மதித்து, ஐயத்தை ஒரு கூட்டத்தின்மேல் எறியாமல், செயலைச் செய்தவனிடம் மட்டுமே கொண்டு நிறுத்தும் பொறுமை அது. ஆயிரம் பொற்கொல்லருள் ஒருவனே வஞ்சகன். ஏனைய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரில் ஒருவனுக்கேனும் தமிழ் நாவலில் ஒரு பெயர் கிடைக்க வேண்டும்.